பங்கு என்னும் சொல்

கத்தோலிக்கத் தமிழில் ‘பங்கு’ என்பது ஓர் ஆலயத்தையும் அதைச் சார்ந்து வாழும் மக்களையும் சேர்த்துக் குறிக்கும். பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குப் பேரவை ஆகியவை அதன் வழிவந்த வழக்குகள். கடற்கரையிலோ அதே சொல், மீன் விற்ற பணத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியைக் குறிக்கும்: வலைக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு, கடலுக்குச் சென்றவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. மலையாளம் முதற்பொருளுக்கு ‘இடவக’ என்ற வேறு சொல்லை ஆள்கிறது. தமிழில் இரண்டும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களின் கதையைப் படிப்பவருக்கு இந்த ஒற்றுமை தற்செயலானது என்று தோன்றாது. அங்கே ஆலயத்தின் கதை பெரும்பகுதியும் யாருடைய பங்கு யாருக்குப் போகிறது என்பதன் கதைதான்.

தெற்கே பொழியூர் முதல் வடக்கே அஞ்சுதெங்கு வரை நீளும் இக்கரையில் ஆலயம் வழிபாட்டு இடம் மட்டுமன்று. ஊர்ச்சண்டை தீர்ப்பதும், கடலில் காணாமற்போனவரைத் தேட ஆள் திரட்டுவதும், அரசோடு பேசுவதும் அதன் முற்றத்தில்தான் நிகழ்ந்தன. அதற்கு ஈடாக, பிடித்த மீனில் ஒரு பகுதி கோவிலுக்குச் சேர்ந்தது. அதைத் தண்டும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் கரையில் நின்று வாங்கிக்கொள்வார். ‘குத்தகை’ என்பது அதன் பெயர். திருவிழாவும் ஆலயக் கட்டடமும் அப்பணத்தால் நடந்தன. கடலில் மீன் இல்லாத நாளில் மீனவருக்குக் கடன் கொடுப்பவர் தரகர். அக்கடனுக்கு நிபந்தனை, மீன் முழுவதும் அவர் வழியே, அவர் சொல்லும் விலைக்கே விற்கப்பட வேண்டும் என்பது. ஆகவே மரம் கரையேறும் முன்பே அதிலிருந்த மீனுக்கு இரண்டு உரிமையாளர்கள் காத்திருந்தனர். மூன்றாவதாகவே மீனவர் தம் பங்கைக் கண்டார்.

இக்கரையின் பங்குகளில் உலகம் அறிந்தது ஒன்றே ஒன்று: தும்பா. புவியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்வதால், ஏவுகணைத் தளம் அமைக்க விக்ரம் சாராபாய் அந்த இடத்தைத் தேர்ந்தார். அங்கே புனித மகதலேனா மரியாள் ஆலயமும், ஆயர் இல்லமும், மீனவர் குடியிருப்பும் இருந்தன. 1962-இல் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ரா, ஞாயிறு திருப்பலியில் மக்களிடமே இதைக் கேட்டார் என்றும், அவர்கள் இசைந்தனர் என்றும் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஏவுகணை, அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி, விண்ணேறியது. ஆலயம் அலுவலகமாயிற்று, 1985 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. மக்கள் பள்ளித்துறையில் புதிய ஆலயத்தைச் சுற்றிக் குடியேறினர்.

தேசம் இக்கதையை நன்றியோடு சொல்கிறது. அந்த நன்றி பொய்யன்று. ஆனால் அதில் பங்கு மக்கள் ஒரே ஒரு வாக்கியத்தில் ‘ஆமென்’ என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறார்கள். வேறு துறையில் வலை வளைக்கப் பழகியது எப்படி, மூதாதையரின் கல்லறைகளை விட்டு வந்தது எப்படி என்ற கேள்விகள் அக்கதைக்குள் நுழைவதில்லை.

அதே ஆயர், அதே பத்தாண்டில், தும்பாவுக்குச் சற்று வடக்கே செய்த மற்றொரு செயல் இவ்வளவு பேசப்படவில்லை. ஆளில்லாத கடற்கரைத் துண்டு ஒன்றில், அண்டை ஊர்களிலிருந்து நிலமற்ற மீனவக் குடும்பங்களைக் குடியேற்றி ‘மரியநாடு’ என்ற ஊரை அவர் உருவாக்கினார். மறைமாவட்டத்தின் சமூகப்பணிச் சங்கம் அங்கே ஊழியர்களை அனுப்பியது. அவர்கள் ஊரிலேயே தங்கினர். நளினி நாயக்கும், பின்னர் வந்த பொருளியலாளர் ஜான் குரியனும் அவர்களில் இருவர்.

அவ்வூழியர்கள் வீடு, மருத்துவம், கல்வி என்று தொடங்கினாலும், சிக்கலின் வேர் மீன் விற்கப்படும் மணற்பரப்பில் இருப்பதை விரைவிலேயே உணர்ந்தனர். மீனவர்கள் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கடலுக்குச் செல்பவரே உறுப்பினராகலாம், தரகருக்கு இடமில்லை. ஏலத்தைச் சங்கத்தின் ஆள் நடத்துவார். விலையில் ஒரு பகுதி கடனுக்கும், ஒரு பகுதி சேமிப்புக்கும் பிடிக்கப்படும். மீன் மிகுந்த நாளில் கூடுதலாகவும், குறைந்த நாளில் குறைவாகவும் கடன் அடைந்தது. கடலின் போக்கை அறிந்த கணக்கு அது. தரகர்கள் எதிர்த்தார்கள். சங்கம் நிலைத்தது.

அதைப் பார்த்து மற்ற ஊர்களும் சங்கம் கண்டன. 1980-இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டத் தமிழ் மீனவர்களும் அதில் சேர்ந்தனர். ஒட்டுப்பலகைப் படகும் வெளிப்பொறி இயந்திரமும் அக்கூட்டமைப்பின் வழியே பல கரைகளுக்குச் சென்றன. 1986-இல் மீனவத் தொழிலாளருக்கு ஆதரவான பன்னாட்டுக் குழு திருவனந்தபுரத்தில்தான் பிறந்தது. சிறு மீன்பிடிப்பைக் காக்கும் நெறிமுறைகளை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் ஏற்றதில் அக்குழுவின் நெடிய உழைப்பு உண்டு.

மரியநாட்டையும் குறையின்றிப் போற்ற இயலாது. கடலுக்குச் செல்பவரே உறுப்பினர் என்ற விதி தரகரை வெளியே நிறுத்தியது. கூடை சுமந்து சந்தைக்கு நடந்த பெண்களையும் வெளியே நிறுத்தியது. மீனைப் பணமாக்கியவர்களுக்கு அச்சங்கத்தில் வாக்கு இல்லை. அவர்கள் தனியே திரண்டு, தலைச்சுமையோடு ஏற மறுத்த பேருந்துகளுக்கு எதிராகப் போராடி, தமக்கென ஊர்திகள் பெற வேண்டியிருந்தது. பங்கீடு நியாயமான பின்பும் பங்கில் யார் யார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

2022 ஆகஸ்டில் அதே மறைமாவட்டத்து மக்கள், பங்குத்தந்தையர் முன்செல்ல, விழிஞ்ஞம் துறைமுக வாயிலில் அமர்ந்தார்கள். கட்டுமானத்தால் கரை அரிக்கிறது என்பது அவர்கள் வாதம். அரசும் நிறுவனமும் அதை மறுத்தன. வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் பண்டகசாலைக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தன என்பதை எவராலும் மறுக்க இயலவில்லை. டிசம்பரில் போராட்டம் முடிந்தது, தடைபட்டிருந்த கட்டுமானம் மீண்டும் தொடர்ந்தது. அந்நாட்களில் அம்மக்களை வளர்ச்சிக்குப் பகைவர் என்றவர்கள், நாட்டின் விண்வெளிக் கனவுக்குத் தம் ஆலயத்தையே விட்டுக்கொடுத்தது இதே கடற்கரை மக்கள்தான் என்பதை நினைக்கவில்லை.

தும்பாவில் பங்கு தன் நிலத்தைக் கொடுத்தது. மரியநாட்டில் பங்கு மக்கள் தம் உழைப்பின் விலையைத் தாமே நிர்ணயித்தார்கள். முதலாவதுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, இரண்டாவதுக்கு இல்லை. கொடுப்பவராக இருக்கும்வரை மீனவர் புகழப்படுகிறார்; தம் பங்கைக் கேட்கும்போது அவர் தொல்லையாகிவிடுகிறார். ஒரு பங்கின் பணியை மதிப்பிட எத்தனை பேர் திருப்பலிக்கு வந்தார்கள் என்பது போதாது. காலையில் கரையேறும் மீனுக்கு விலை சொல்பவர் யார், அருகில் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கு அதில் சொல் உண்டா என்பதையும் கேட்கவேண்டும்.