சோனகத் தெருவில் மீன்குஞ்சுகள்

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், வவுனியா, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குப் போய்ச் சேரும்போது அஸர் நேரமாகிவிட்டது. அங்கே என் மாமி இருக்கிறார். 1990 அக்டோபர் 30-ஆம் திகதி, விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ் நகர முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையோடு புறப்பட்டவர். போர் முடிந்தபின் திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டில் முதல் வேலையாகக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார்.

இன்று அந்தக் கிணற்றடியில் கண்ணாடித் தொட்டிகள் நிற்கின்றன. தங்கமீன் வளர்த்து விற்கிறார்.

"வா மகள், தேத்தண்ணி பிறகு குடிப்பம். முதல்ல குஞ்சுகளைப் பார்" என்றார்.

கண்ணிமை மயிர் போல ஏதோ கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அவைதாம் குஞ்சுகள்! முட்டைகளைப் பெற்ற மீன்களே தின்றுவிடுமாம். அதனால் முட்டை ஒட்டிய பாசியை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுகிறார். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். பிறகு இரண்டு நாளைக்கு எதுவும் கொடுக்கக்கூடாது. வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருப் பைதான் அவற்றுக்கு உணவு.

இது தெரியாமல் முதல் தடவை பொரித்த அன்றே அவித்த முட்டைக்கருவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். விடியும்போது தண்ணீர் நாறி, அத்தனையும் அடியில் வெள்ளையாய்க் கிடந்தன. "பசிக்கும் எண்டு நினைச்சன் மகள்" என்று இன்றும் வருத்தப்படுகிறார்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், வெயிலில் வைத்துப் பச்சையேறிய வாளித் தண்ணீரில் கொஞ்சம் விடுகிறார். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் குஞ்சுகள் தின்னும். அதன்பின்தான் முட்டைக்கரு. அதையும் மெல்லிய துணியில் பிழிந்து சில துளிகளே விடுவார். மிஞ்சியதைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவார்.

யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தலில் வெள்ளை படியாத வீடே இல்லை. தங்கமீன் அந்தத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அள்ளிய கையோடு ஊற்றக்கூடாது. கிணற்றின் ஆழத்துத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. ஓரிரவு திறந்த வாளியில் இருக்கவேண்டும். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் இன்னும் சில நாள் வெயிலில் வைக்கவேண்டும்.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததல்லவா? காற்று மோட்டார் ஓடாமல், கோப்பையால் அள்ளி அள்ளித் தொட்டியிலேயே உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாராம். குஞ்சுகள் அடிபடாதபடி தொட்டியின் ஒரு மூலையில் மட்டும்.

குஞ்சுகள் முதலில் மங்கிய தவிட்டு நிறந்தான். பொன்னிறம் வர மாதங்களாகும். சிலவற்றுக்கு வருவதேயில்லை. அவற்றை யாரும் வாங்குவதில்லை. மாமி அவற்றைச் சீமெந்துத் தொட்டியில் விட்டிருக்கிறார். அந்தத் தொட்டியில் நுளம்புக் குடம்பியைக் காணமுடியாது.

பிள்ளைகளுக்கு நாலைந்து குஞ்சு கேட்டேன். "இதுகள் பஸ் சூட்டுக்குத் தாங்காது. நிறம் வந்த பிறகு வா" என்று சொல்லி, ஒரு கட்டு முருங்கைக்காயைப் பையில் வைத்தார்.