சுடுநீரும் பித்தளைக் குமிழும்

மோட்டார் வண்டியின் எஞ்சினில் விரல் நுனியளவான ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. எஞ்சினைச் சுற்றியோடும் குளிர்த்து நீரில் அது முகம் தோய்த்து நிற்கும். உள்ளே இருப்பது ஒரு குறைகடத்தித் துண்டு. உலோகக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும்; இத்துண்டுக்கோ சூடு ஏற ஏறத் தடை குறையும். 1833இல் வெள்ளிச் சல்பைட்டில் இவ்வியல்பைக் கண்டவர் மைக்கேல் பரடே. கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். விஞ்ஞானம் மேட்டுக்குடியின் சொத்தன்று என்று மாணவர்க்குச் சொல்லும்போது நான் முதலிற் சொல்லும் பெயர் அவருடையதே.

என்னிடமுள்ளது 800 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட பழைய சிறு கார். 2022 யூலையில் எரிபொருட் பங்கீடு வந்தது. கியூஆர் குறியைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார்ச் சைக்கிளுக்கு 4. அந்நாட்களிலேதான் என் வண்டி கறுப்புப் புகை கக்கத் தொடங்கியது. வியாழக்கிழமைக்குள் தாங்கி வற்றிவிடும். என்னோடு அதே வண்டியில் பாடசாலைக்கு வந்த ஆசிரியைகள் இருவரும் வெள்ளிக்கிழமைகளில் ஆறு மைல் நடந்தார்கள்.

நகரத்துப் பெரிய பணிமனையொன்று கணினிப் பெட்டியையே மாற்றவேண்டுமென்றது. கேட்ட தொகை என் மாதச் சம்பளத்தை விஞ்சியது. காரணம் வினவினேன், கருவி அப்படிக் காட்டுகிறது என்றார்கள். அறிவைப் பெட்டியில் பூட்டித் திறப்பை விலைக்கு விற்கும் காலமல்லவா!

எங்கள் ஊர்க் கராஜில் வேலை செய்யும் இளைஞர் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர். புகையை ஒருகணம் பார்த்தார்.

"மாஸ்டர், எஞ்சின் சூடாய்த்தான் இருக்கு. பெட்டி அதைக் குளிர் எண்டு நினைச்சுப் பெற்றோலை அள்ளி ஊத்துது."

தத்துவம் முழுவதும் இவ்வளவே. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாக வேண்டும், சூடானதும் குறைக்கவேண்டும். குமிழ் காட்டும் தடையைக் கொண்டே பெட்டி அதைத் தீர்மானிக்கிறது. குமிழ் பழுதானாலோ, கம்பிமுனை துருவேறினாலோ தடை மிகுந்து, பனிப்பிரதேசக் குளிரென்றே பெட்டி கொள்ளக்கூடும்.

எஞ்சின் ஆறும்வரை அவர் காத்திருந்தார். சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பின்பு குமிழைக் கழற்றி, மண்ணெண்ணெய் அடுப்பிலிருந்த நீரில் வெப்பமானியோடு அமிழ்த்தினார். இவ்வகைக் குமிழ் 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓமும், 80 பாகையில் 300 ஓமும் காட்டவேண்டும். எங்களுடையதோ 80 பாகையிலும் 2,000 ஓமுக்குக் கீழே இறங்க மறுத்தது. புதியதொன்றைப் பூட்டி, குளிர்த்து நீரை நிரப்பி, காற்றை வெளியேற்றினார். காற்றுக்குமிழி சூழ்ந்தால் உணரி பொய் சொல்லும். செலவு, பணிமனை கேட்டதில் மிகச் சிறு பங்கு.

இக்காலச் சிறு கார்கள் பலவற்றில் வெப்பங்காட்டும் முள்ளும் இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு. இடையிலுள்ளது ஓட்டுபவனுக்குத் தெரியவேண்டியதில்லை என்று யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள்.

அவ்விளைஞரை எங்கள் ஆய்வுகூடத்துக்கு அழைத்தேன். கழித்த வண்டியொன்றிலிருந்து நல்ல குமிழோடு வந்தார். பத்துப் பாகைக்கு ஒருமுறை அவர் தடையை வாசிக்க, மாணவர் வரைபில் குறித்தனர். கோடு முதலிற் செங்குத்தாய் விழுந்து, பின் படுத்தது. ஏன் நேர்கோடாய் வரவில்லையென ஒரு மாணவி கேட்டாள்.

"அதை நானும் மாஸ்டரிட்டைத்தான் கேக்கோணும், பிள்ளை" என்று அவர் முன் வாங்கில் அமர்ந்துகொண்டார். நான் சுண்ணக்கட்டியை எடுத்தேன்.