வழுவழுப்பும் சொரசொரப்பும்

ஒரு பொருளின் மேற்பரப்பை அற்ப விடயமென்றே நாம் எண்ணுகின்றோம். ஆனால், உடலினுள்ளே வைக்கப்படும் பொருளுக்கு மேற்பரப்பே முகம். உடல் அதனோடு உறவாடுவதும் பகைப்பதும் அந்த முகத்தைக் கண்டே.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், குரோனின், ஜெரோ என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இருவர், சிலிக்கோன் பைகளை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பகங்களில் வைத்தனர். இன்று அழகு கருதி அவற்றை ஏற்போரும் உளர்; புற்றுநோயினால் மார்பை இழந்தபின் ஏற்போரும் உளர்.

அந்நியப் பொருள் உள்ளே புகுந்தால், உடல் அதனைச் சுற்றி நார்த்திசுவினால் உறையொன்றை நெய்துவிடும். சிலருக்கு அவ்வுறை இறுகிச் சுருங்கும். மார்பகம் கடினமாகி வலிக்கும். வழுவழுப்பான பைகளில் இத்தொல்லை மிகுதியெனக் கண்டமையால், பின்னர் பையின் ஓட்டைச் சொரசொரப்பாக்கினர். சிறு குழிகளுள் திசு வேரோடிப் பற்றிக்கொண்டது. நீர்த்துளி வடிவப் பை உள்ளே புரளாதிருக்கவும் அந்தப் பிடிப்பு உதவிற்று. உருண்டைப் பையோ புரண்டாலும் வடிவம் மாறாதாகையால், அதற்கு வழுவழுப்பே போதும்.

ஆயினும் ஒரு துன்பத்தை நீக்க வந்ததே மற்றொன்றுக்கு வழியாயிற்று. அரியதொரு நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இப்பைகளுக்கும் தொடர்பிருக்கலாமென 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அது மார்பகப் புற்றுநோயன்று; பையைச் சூழ்ந்த உறையிலும் நீரிலும் தோன்றுவது. பெரிதும் சொரசொரப்பான பைகளோடே அது காணப்பட்டது. 2019 யூலையில் அந்நிர்வாகம் வெளியிட்ட கணக்கின்படி, உலகெங்கும் நோயுற்றோர் 573 பேர். மாண்டோர் 33 பேர். அவ்வாண்டு பிரான்ஸ் மிகச் சொரசொரப்பானவற்றைத் தடைசெய்தது. அத்தகைய பைகளுள் ஒருவகை உலகச் சந்தையிலிருந்தே மீளப்பெறப்பட்டது.

தங்கை முறையான ஒருத்தி, மார்பை இழந்தபின், "அக்கா, இரண்டில் எது நல்லது?" என்று தாழ்ந்த குரலில் எம்மை வினவினாள். ஒன்றில் வரக்கூடிய இடர் அடிக்கடி நேர்வது, உயிரைப் பறிப்பதன்று. மற்றதில் வருவது மிக அரிது, ஆனால் உயிரையே பறிக்கவும் கூடும். இதனைச் சொல்லி, எது வைக்கப்படுகின்றதென வைத்தியரிடம் கேட்டுப் பெயரை எழுதி வாங்குமாறு கூறினோம்.

பல்லாண்டு கழிந்தபின் மார்பகம் வீங்கினால் நாணித் தாமதித்தல் தகாது. தொடக்கத்திலேயே கண்டறிந்து பையையும் உறையையும் அகற்றினால் பெரும்பாலோர் நலமடைவர். அறிகுறி இல்லாதோர் அஞ்சி அவற்றை அகற்ற வேண்டியதில்லை என்பதே அந்நிர்வாகத்தின் அறிவுரை. தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விக்கும் தெளிந்த விடை கிடைத்தல் வேண்டுமன்றோ?