ஃபியூஸ் கற்றுத் தந்த பாடம்

ஓம் விதியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கணக்குப் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த விதியை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அல்ல, விருதுநகரில் ஒரு லாரிக்கு அடியில்!

கைச்செலவுக்காக சனி, ஞாயிறுகளில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறைக்குப் போய்வந்தேன். பட்டறைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். எந்த லாரி வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "லோடு இருக்கா?" என்பதுதான். வெடி லோடு என்றால் பட்டறைக்குள்ளேயே விடமாட்டார். பக்கத்தில் வெல்டிங் வேலை நடக்கும்.

தீபாவளிக்கு முந்தின மாதம். சிவகாசியில் பட்டாசு ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று வந்தது. பின்பக்க லைட் ஃபியூஸ் அடிக்கடி போகிறதாம். அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். டிரைவரோ, "தம்பி, சாயங்காலம் லோடு ஏத்தணும், சீக்கிரம் பாருப்பா" என்று அவசரப்படுத்தினார். நான் புது ஃபியூஸ் போட்டேன். போட்டதும் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. உடனே என் மூளை வேலை செய்தது! நாலைந்து செம்புக் கம்பி இழைகளை முறுக்கி ஃபியூஸ் இடத்தில் சொருகினேன். லைட்டும் எரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

திரும்பி வந்த அண்ணாச்சி ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். திட்டவில்லை. கம்பியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, "இந்த வண்டி என்ன லோடு ஏத்தப் போகுது தம்பி?" என்றார். அவ்வளவுதான். எனக்கு வியர்த்துவிட்டது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே பேச்சு நின்றுவிடும். அந்த வீட்டுப் பிள்ளைதான் நான்!

பிறகு அண்ணாச்சி டிரைவரிடம் கேட்டார்: "நிக்கும்போது போகுதா, ஓடும்போதா?" "ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினாத்தாண்ணே முதல்ல போச்சு. இப்ப நிக்கும்போதே போகுது." நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். குலுங்கும்போது போனால் எங்கோ வயர் உரசுகிறது என்று பொருள்.

லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். பாசிட்டிவ்வுக்குத்தான் வயர். நெகட்டிவ்வுக்குச் சேசிஸே வழி. வயரின் மேலுறை தேய்ந்து சேசிஸில் பட்டால் ஷார்ட்தான். ஃபியூஸ் இருந்தால் அது உருகி நிற்கும். என் செம்புக் கம்பி இருந்தால் வயர் பழுத்து, மேலுறை தீப்பிடிக்கும்.

அண்ணாச்சி பின்பக்க பல்புகளை எல்லாம் கழற்றினார். ஃபியூஸ் இடத்தில் 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. லைன் எங்கோ சேசிஸைத் தொடுகிறது! நேர் ஷார்ட்டானாலும் பல்பு வழியே 1 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் போகும், வயர் வேகாது. நான் லாரிக்கு அடியில் படுத்து, வயர்க்கட்டை அடி அடியாக அசைத்துக்கொண்டே போனேன். "அணைஞ்சிருச்சு!" என்று மேலிருந்து குரல் வந்தது. பார்த்தால், கிளாம்ப் கழன்ற இடத்தில் வயர் சேசிஸ் விளிம்பில் உரசி, செம்பு தெரிந்தது. அந்தத் துண்டை வெட்டிப் புது வயர் இணைத்து, ஸ்லீவ் போட்டு, கிளாம்பை இறுக்கி, சரியான அளவு ஃபியூஸ் போட்டோம். மொத்தம் முக்கால் மணி நேரம்.

நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 லாரிகளில் ஈ.சி.யூ., சென்சார் வயர்கள் ஏராளம். அவற்றில் இந்த பல்பு வித்தை கூடாது. அங்கே சர்க்யூட் படமும் மல்டிமீட்டரும்தான் துணை.

அந்தச் செம்புக் கம்பி இன்றும் என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. நாளை நாம் எந்த வேலைக்குப் போனாலும், "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் செய்வார். ஃபியூஸ் ஏன் போனது என்று தெரியாமல் அடுத்த ஃபியூஸைக் கையில் எடுக்காதீர்கள் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை