கட்டிப் போடலாமா பாஸ்?

சலூனுக்குப் போறீங்க. மூணு சேர், மூணு பேர் கத்தரியோட ரெடி. ஆனா நீங்க, "நம்ம அண்ணன்கிட்டதான் வெட்டிப்பேன்"னு பெஞ்சுல உட்கார்ந்து பேப்பர் புரட்டுறீங்க. அண்ணனுக்கு உங்க தலை அத்துப்படி, சொல்லாமலே கரெக்டா வெட்டிடுவார். ஆனா உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வெயிட்டிங். பக்கத்து சேர் ரெண்டும் காலி. காத்திருக்கிறது லாபமா, நஷ்டமா?

டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கிற வேலைக்குப் போனா, இதே கேள்வி வேற வேஷத்துல வரும். டேட்டாபேஸ் ப்ராசஸை 'நீ இந்த கோர்லதான் ஓடணும்'னு கட்டிப் போடலாமா? லினக்ஸ்ல 'டாஸ்க்செட்'னு ஒரே ஒரு கமாண்ட், வேலை முடிஞ்சுது.

கட்டச் சொல்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஒவ்வொரு கோருக்கும் பக்கத்துலயே கேச்னு ஒரு குட்டி மெமரி. அதுலேர்ந்து எடுக்க சுமார் 1 நானோ செகண்ட். மெயின் மெமரி வரை போனா 100 நானோ செகண்ட் பக்கம் ஆகிடும். ப்ராசஸ் கோர் விட்டு கோர் தாவினா, அங்கே கேச்சை முதல்லேர்ந்து நிரப்பணும். ரெண்டு சாக்கெட் மெஷின்ல, அடுத்த சாக்கெட்டோட மெமரியை எட்டி எடுக்க இன்னும் லேட். இதைத்தான் 'நுமா' பிரச்னைம்பாங்க.

ஆனா லினக்ஸ் ஷெட்யூலர் ஒண்ணும் மக்கு இல்லீங்க. முடிஞ்சவரை ஒரு ப்ராசஸை அது ஓடின கோர்லயே தானாவே வெச்சிருக்கும். இங்கே கூட்டம், அங்கே காலின்னா நகர்த்தும். நாம கட்டினா அந்த நகர்த்துற சுதந்திரம் போச்சு.

நான் பார்த்த ஒரு கேஸ் சொல்றேன். ஒரு காலேஜோட ரிசல்ட் சர்வர். 16 கோர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். நான் டீம்ல சேர்றதுக்கு முன்னாடியே யாரோ அதை 4 கோர்ல கட்டி வெச்சிருந்தாங்க. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு ப்ராசஸைப் பெத்துப் போடும். அம்மாவைக் கட்டினா பிள்ளைங்களும் அதே கட்டோடதான் பிறக்கும்!

ரிசல்ட் அன்னிக்கு சாயங்காலம் சைட் நகரவே இல்ல. மானிட்டர்ல சி.பி.யு. ஆவரேஜ் 25 சதவீதம்தான். "சர்வர் ஃப்ரீயாதானே இருக்கு"ன்னு எல்லாரும் நெட்வொர்க்கைத் திட்டினாங்க. 'டாப்' கமாண்ட் ஓடும்போது 1-ஐ அழுத்தினோம். கோர் கோரா விரிஞ்சது. 4 கோர் முக்கிட்டு இருக்க, 12 கோர் தூங்கிட்டு இருக்கு! அந்தப் பக்கம், கையில ஆஃபர் லெட்டரை வெச்சுக்கிட்டு, அரியர் க்ளியர் ஆச்சான்னு தெரியாம ரெஃப்ரெஷ் அழுத்திட்டிருந்த பசங்க. ஓடிட்டிருந்த ஒவ்வொரு ப்ராசஸோட கட்டையும் அவுத்தோம். கொஞ்ச நேரத்துல மார்க் ஷீட் வர ஆரம்பிச்சுது.

அப்போ கட்டவே கூடாதா? அப்படியும் இல்ல. ரெடிஸ் தன் கமாண்டையெல்லாம் ஒரே த்ரெட்லதான் ஓட்டும். அதுக்குத் தனி கோர் ஒதுக்கினா பலன் கிடைக்கலாம். 2020-ல வந்த 6.0 வெர்ஷன்லேர்ந்து அதோட கான்ஃபிக் ஃபைல்லயே இதுக்கு ஆப்ஷன் இருக்கு. ஒரே மெஷின்ல ரெண்டு டேட்டாபேஸ் அடிச்சுக்குதுன்னா, பாகம் பிரிச்சுக் கொடுக்கலாம். ஆனா எஸ்.க்யூ.எல். சர்வர்ல டீஃபால்ட்டே கட்டாம விடறதுதான். வி.எம்.முக்குள்ள கட்டினாலும் ஜாக்கிரதை. நீங்க கட்டினது வர்ச்சுவல் கோர். அதையே ஹோஸ்ட் வேற இடத்துக்கு நகர்த்தலாம்.

ஸோ, முதல்ல கட்டாம அளந்து பாருங்க. அப்புறம் கட்டி, உச்சக்கட்ட கூட்டத்தை வெச்சு அளந்து பாருங்க. சாதாரண நாள் கணக்கு உதவாது. வித்தியாசம் பெருசா இல்லைன்னா அவுத்துடுங்க.

கட்டறதுன்னே முடிவு பண்ணிட்டா, எதுக்காகக் கட்டினீங்க, என்னிக்குக் கட்டினீங்கன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. அந்த 4 கோர் ஏன்னு எங்களுக்குக் கடைசிவரை தெரியல. உங்களுக்கு அப்புறம் அந்த சீட்டுல உட்காரப் போற ஜூனியர், ஒரு ரிசல்ட் நாள்ல உங்களுக்கு தேங்க்ஸ் சொல்வான்!