சேறும் பாரும்

"அப்பா, கடல்ல நீங்க என்னதான் பண்றீங்க?" போன வாரம் மகள் கேட்டாள், இங்கிலீஷில்தான். முசஃபாவில் இருக்கும் ஆபீசுக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன்.

படகு இழுத்துப்போகும் சைடு ஸ்கேன் சோனார் இரண்டு பக்கமும் ஒலியை அனுப்பும். பாறையும் சிப்பி கலந்த பருமணலும் அதைப் பலமாகத் திருப்பி அனுப்பும். எங்க திரையில் அது வெளிச்சம். சேறு இருட்டு. கால்வாயை ஆழப்படுத்தணுமா, கடற்பசு மேயும் புல் எங்கே இருக்கு, எல்லாத்துக்கும் இந்த வரைபடம் வேணும். ஆனா படத்தை மட்டும் நம்ப முடியாது. கடற்புல்லே சில நேரம் ஏமாத்திடும். அதனால கிராப் என்கிற இரும்பு வாயை இறக்கி ஒரு பிடி அள்ளிச் சலிப்போம். 2 மில்லிமீட்டருக்கு மேல் சரளை, 0.063-க்குக் கீழ் சேறு, நடுவில் மணல்.

ஒரு குப்பியில் கொஞ்சம் சேறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ராத்திரி வீடியோவில் தாத்தாவைப் பிடித்தோம். வளைகுடாவுக்கு வரும் முன் தொண்டியில் வலை போட்டவர். "தாத்தா, கீழ என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?" தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"நங்கூரத்தத் தூக்கிப் பாரு தாயி. அப்பிக்கிட்டு வந்தா சேறு. மாட்டிக்கிட்டு வரலைன்னா பாரு."

"எதைப் பாக்கணும்?"

அவருக்கு ஒரே சிரிப்பு. "பார்னா கடலுக்குள்ள கெடக்குற பாறத் திட்டு!"

இத்தனை வருஷம் இதே வேலையில் இருக்கேன், எனக்கும் அந்தச் சொல் தெரியாது. அபுதாபியில் வளர்ந்தவன், அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

காலையில் பார்த்தால் குப்பியில் சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'சேரு'. திருத்தலாமா என்று யோசித்தேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.