கண்ணாடிக்குள் குடித்தனம்

நான் எறும்பு வளர்க்கிறேன் என்று சொன்னால் வடிவீஸ்வரத்தில் ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. "எங்க வீட்டிலயும்தான் வளருது" என்கிறார்கள். வளர்வது வேறு, வளர்ப்பது வேறு என்று விளக்கப் போய் நான் தோற்றதுதான் மிச்சம்.

ஆரம்பித்து வைத்தவள் என் பேத்தி. ஏழு வயசு. சென்ற ஆண்டு ஜூன் மாத மழையில், கொல்லையில் செம்பருத்தித் தொட்டியை நகர்த்தினேன். அடியில் ஒரு பெருங்கூட்டம். வெள்ளை வெள்ளையாக முட்டைகளையும் புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு நாலா திசையிலும் ஓடிற்று. பிள்ளையார் எறும்பு என்று நாங்கள் சொல்லும் கறுப்பு எறும்பு, கொட்டாது. நீண்ட கால்கள், நீண்ட மீசை, நேராக ஓடத் தெரியாத ஓட்டம். இந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் இதற்குப் பைத்தியக்கார எறும்பு என்று பெயர் வைத்தார்கள். லத்ரெய் என்ற பிரெஞ்சுக்காரர் 1802-ல் செனகல் நாட்டு எறும்பாக இதை வர்ணித்தார். மனிதன் கப்பலேறிப் போன வெப்ப நாடுகளுக்கெல்லாம் அதுவும் கூடவே போயிருக்கிறது.

"பாட்டா, இவங்கள நாம வச்சுக்கிடலாமா?" என்றாள்.

பழைய மீன் தொட்டியைத் துடைத்து மண் போட்டேன். ஒரு மூலையில் ஈரப் பஞ்சு, மூடியில் சர்க்கரைத் தண்ணீர், வாரம் இரண்டு செத்த கரப்பான். முகத்துக்குப் போடும் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து விளிம்பின் உட்புறம் பூசினேன். அதில் எறும்புக்குக் கால் நிற்காது.

பெருகின வேகத்தைச் சொல்ல வேண்டும். மற்ற எறும்புகளில் பல இனங்களுக்கு ராணி ஒருத்திதான். கலியாணத்துக்கு இறக்கை முளைத்து வெளியே பறந்தாக வேண்டும். இவற்றுக்குக் கூட்டுக்குள்ளேயே கலியாணம். ஒரே கூட்டில் நாற்பது ராணிகள் வரை கண்டிருக்கிறார்கள். அண்ணன் தங்கைக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டால் வம்சம் கெடாதா என்று கேட்கலாம். 2011-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று பதில் சொல்லிற்று: புதிய ராணி தாயின் அச்சு, ஆண் தகப்பனின் அச்சு. இரண்டு வம்சமும் கலப்பது வேலைக்கார எறும்புகளில் மட்டும்தானாம். நம் ஊர்த் தரகர்கள் யாருக்கும் தோன்றாத ஏற்பாடு.

ஆகஸ்டில் என் மகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்தார்கள். இரண்டு கிலோ அதிகம். பேத்தியின் சொப்புச் சாமான் முழுவதும் என் கைக்கு வந்தது. அவள் அழவில்லை. "வெள்ளிக்கிழமை தோறும் போனில் எறும்பைக் காட்டணும்" என்றாள்.

வீடு காலியானபின் தொட்டிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. "கோலமாவு போட்டா எறும்புக்குப் புண்ணியம். அதுக்காவ நடுவீட்டுல குடிவைப்பியளா?" என்றாள் என் மனைவி. நான் லப்பக் துரையின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்துக்காரர், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எறும்புகளைக் குடிவைத்தார். அவரிடம் 1874-ல் வந்த ஒரு ராணி 1888 வரை உயிரோடிருந்தது. "அவருக்குச் சமைக்க ஆள் இருந்திருக்கும்" என்றாள்.

2024 டிசம்பரில் வந்த இஸ்ரேலியப் பரிசோதனையையும் சொன்னேன். ஒரு விசித்திர வடிவச் சுமையைக் குறுகலான இரண்டு வாசல்கள் வழியாகக் கொண்டுபோக வேண்டும். இதே எறும்புகள் ஒருபுறம், மனிதர்கள் ஒருபுறம். தனித்தனியே செய்தபோது மனிதன் ஜெயித்தான். கூட்டமாகச் செய்தபோது எறும்புக்குச் சாமர்த்தியம் கூடிற்று. பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது என்று வாயைக் கட்டிப்போட்ட மனிதக் கூட்டத்துக்குக் கூடவில்லை. இதை மட்டும் அவள் கவனமாகக் கேட்டாள்.

அக்டோபரில் மறுபடியும் மழை. அடியில் பெருக்குவதற்காக அவள் தொட்டியைச் சற்று நகர்த்தினாள். அவ்வளவுதான். இந்த எறும்புக்குக் கூடு என்பது வாடகை வீடு. கொஞ்சம் அதிர்ந்தாலும் மூட்டை கட்டிவிடும். பவுடரும் ஈரத்தில் உதிர்ந்திருந்தது. காலையில் பார்த்தால் தொட்டியில் மண்தான் இருந்தது.

அதன்பின் மூன்று வெள்ளிக்கிழமை நான் பொய் சொன்னேன். ஒருமுறை, தூங்குகிறார்கள். ஒருமுறை, மண்ணுக்குள் இருக்கிறார்கள். மூன்றாவது முறை போனில் காமிரா சரியில்லை. குழந்தை ஒவ்வொன்றையும் நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரம் முன்கட்டு விளக்கு எரியவில்லை. எலெக்ட்ரீஷியன் பையன் வந்து சுவிட்சுப் பெட்டியின் மூடியை லேசாகத் திறந்தவன், உடனே மூடிவிட்டான். "உள்ள பூரா எறும்பு, அண்ணாச்சி. நாளைக்கு மருந்தோட வாரேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. போன் வந்ததும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சுவரையும் காட்டினேன். பெட்டிக்கு மேலே ஒரு வரிசை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் பேசவில்லை.

"முட்டையெல்லாம் எடுத்துட்டுப் போனாங்களா, பாட்டா?"

"ஒண்ணு விடாம."

"அவங்களுக்கு எடை பாக்கலையா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் மனைவிதான் போனை வாங்கி, "இல்ல மக்கா, பாக்கல" என்றாள்.

போனை வைத்ததும் பையனைக் கூப்பிட்டேன். அவசரமில்லை, இப்போது வர வேண்டாம் என்றேன்.

"அப்ப முன்கட்டுக்கு வெளிச்சம், அண்ணாச்சி?"

அரிக்கன் விளக்கு ஒன்று மச்சில் கிடக்கிறது என்று சொன்னேன்.